கபடிய விட்டாச்சு, அடுத்து ஜிம்மா அகாடமியா டிரஸ்ட்டா தொழிலா?

எங்க தாய்மாமா கபடி பிளேயர். பதினாறு வயசுல ஆரம்பிச்சது, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை, டிபார்ட்மென்ட் டீம், ஊர் ஊரா டோர்னமென்ட்னு இருபது வருஷத்துக்கு மேல ஆடுனாரு. போன வருஷம் வலது முட்டில ரெண்டாவது ஆபரேஷன். டாக்டர் இனிமே மேட்ல ஏறாதீங்கன்னு சொல்லிட்டாரு. அவரும் கொஞ்ச நாள் யோசிச்சுட்டு வேலையையும் எழுதிக் குடுத்துட்டு ஊருக்கே வந்துட்டாரு. செட்டில்மென்ட் காசு, சேமிப்பு எல்லாம் சேத்து கையில 30 லட்சம். வயசு 38. ரெண்டு பிள்ளைங்க படிக்குது.

வந்த நாள்ல இருந்து வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் ஆளுக்கொரு யோசனை. ஒருத்தர் ஜிம் போடுங்குறாரு, ஒருத்தர் கபடி அகாடமி ஆரம்பிச்சு ஃபீஸ் வாங்குங்குறாரு, கூட ஆடுனவங்க ஒரு டிரஸ்ட் போட்டு ஹாஸ்டல் கட்டுவோம்ங்குறாங்க, அத்தை மட்டும் முதல்ல ஒரு தொழில பாருங்க அப்புறம் மத்தத பேசலாம்ங்குது. மாமா என்கிட்ட, "நீ ஆடிட்டர் ஆபீஸ்ல தான இருக்க மாப்ள, நாலையும் ஒரு பேப்பர்ல எழுதி எது சரிவரும்னு சொல்லு"ன்னாரு. அவருக்கு எழுதிக் குடுத்தத தான் இப்ப கொஞ்சம் விரிச்சு எழுதுறேன், ஏன்னா ஆட்டத்த விட்டுட்டு இதே இடத்துல நிக்குறவங்க நிறைய பேர் இருக்காங்க.

மாமாவுக்கு வேணும்ங்குறது ரெண்டு விஷயம். குடும்பம் ஓடணும், ஊர் பசங்களுக்கு எதாவது செய்யணும். இந்த ரெண்டையும் ஒரே பையில போட்டு குழப்பிக்குற இடத்துல தான் முக்கால்வாசி பேர் காச விடுறாங்கன்னு என் எண்ணம், ஆபீஸ்ல வர்ற ஃபைல்கள்ல அத அடிக்கடி பாக்குறேன்.

அதனால நாலு வழியையும் அளக்குறதுக்கு ஒரே ஒரு கேள்வி வச்சுக்கிட்டேன். நாலாவது வருஷம் முட்டைக் காசு யார் குடுப்பா?

விளக்குறேன். 20 பசங்களுக்கு சாயங்காலம் பயிற்சின்னு வைங்க. ஒரு பையனுக்கு ரெண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், வாழைப்பழமோ சுண்டலோ. மாசம் 26 நாள்னா 1040 முட்டை, அதுக்கே 7000 ரூபா கிட்ட, பால் 5000, மத்தது 3000, ஆக மொத்தம் 15,000. இதோட ஒரு அசிஸ்டென்ட் கோச்சுக்கு 12,000, டோர்னமென்ட் போற வண்டி, டேப், பேண்டேஜ் இதெல்லாம் சராசரியா 6000. மாசம் 33,000, வருஷத்துக்கு 4 லட்சம். மாமாவோட 30 லட்சத்த அப்படியே பேங்க்ல போட்டு 7 சதவீதம் வட்டி வந்தா கூட 2 லட்சத்து 10,000 தான். குடும்பத்துக்கு ஒரு ரூபா எடுக்காம இருந்தாலே பாதி தான் தேறுது. கட்டடம், மேட், லைட் எதுவுமே இன்னும் இந்த கணக்குல வரல.

ஜிம்ம பத்தி ரொம்ப பேச ஒண்ணுமில்ல. எங்க டவுன்ல ஏற்கனவே ஆறு இருக்கு, மெஷினு பாதி விலைக்கு கூட திருப்பி விக்காது, ஜனவரில கூட்டம் வந்து ஏப்ரல்ல பாதியாகிடும், மாமா காலைல அஞ்சு மணில இருந்து ராத்திரி பத்து வரை அங்கயே உக்காந்துருக்கணும். பசங்களுக்குன்னு நேரமே மிஞ்சாது. இத முதல் நாளே அடிச்சுட்டேன்.

அடுத்தது ஃபீஸ் வாங்குற அகாடமி. கேக்க நல்லா இருக்கு, தொழிலும் அதான் சேவையும் அதான். இப்படி ஜெயிச்ச ஆள் நம்ம சென்னையிலயே இருக்காரு, செஸ் கிராண்ட்மாஸ்டர் ஆர்.பி. ரமேஷ். 2002ல பிரிட்டிஷ் சாம்பியன் ஆனவரு, 2008ல தானே ஆடுறத விட்டுட்டு மனைவி ஆர்த்தி ராமசாமியோட சேந்து செஸ் குருகுல் ஆரம்பிச்சாரு. பிரக்ஞானந்தா, வைஷாலி, அரவிந்த் சிதம்பரம்னு அங்க இருந்து வந்தவங்க பேரு எல்லாருக்கும் தெரியும். கோச்சிங்க ஒரு முழுநேர தொழிலா மரியாதையா பண்ண முடியும்னு நம்ம ஊர்ல காட்டுனதுல அவருக்கு பெரிய பங்கு இருக்கு.

ஆனா செஸ்ல பெத்தவங்க காசு கட்டுவாங்க. என் பிள்ளைக்கு மூளை வளரும், கான்சன்ட்ரேஷன் வரும்னு நம்பி கட்டுறவங்க இருக்காங்க, ஆன்லைன்ல கூட கிளாஸ் எடுக்கலாம், இடம் சின்னதா இருந்தா போதும். கபடிக்கு வர்ற பசங்க யாரு? செங்கல் சூளையில வேலை பாக்குறவங்க பிள்ளைங்க, கூலி வேலைக்கு போறவங்க பிள்ளைங்க. சாயங்காலம் மூணு மணி நேரம் பையன கிரவுண்டுக்கு விடுறதே அந்த வீட்டுக்கு ஒரு செலவு, ஏன்னா அந்த நேரத்துல அவன் எதாவது சம்பாதிச்சுருப்பான். அவங்ககிட்ட மாசம் 500 கேட்டா யார் வருவா? டவுன்ல கார்ல வந்து இறங்குற பிள்ளைங்க தான் வரும், அந்த பிள்ளைங்களும் ஷட்டிலுக்கும் ஸ்விம்மிங்குக்கும் போகும், கபடிக்கு வராது. மாமா யாருக்காக செய்யணும்னு நினைக்கிறாரோ அவங்க வாசல்லயே நின்னுருவாங்க. அதனால இதுவும் வேணாம்னு சொன்னேன். சொல்லும்போது மாமா முகம் கொஞ்சம் வாடுச்சு, அவருக்கு இது தான் மனசுல இருந்துச்சு போல.

இப்ப மூணாவது வழி, டிரஸ்ட் போட்டு சொந்தமா இடம் கட்டி இலவசமா பயிற்சி குடுக்குறது. இதுல தான் நான் ரொம்ப நாள் மண்டைய உடைச்சுக்கிட்டேன், ஏன்னா நான் மனசார மதிக்கிற ரெண்டு பேர் இந்த வழில போனவங்க.

பேட்மின்டன் ஆடுன கோபிசந்த் 2001ல ஆல் இங்கிலாந்துங்குற பெரிய போட்டிய ஜெயிச்சாரு, பிரகாஷ் படுகோனுக்கு அப்புறம் அத ஜெயிச்ச ரெண்டாவது இந்தியர். ஜெயிச்சு வந்த கையோட கோலா கம்பெனி விளம்பரத்துக்கு கூப்பிட்டப்ப நான் குடிக்காதத நான் எப்படி விப்பேன்னு மாட்டேன்னுட்டாரு. 2003ல ஆந்திர அரசு ஹைதராபாத் கச்சிபவுலில 5 ஏக்கர் குத்தகைக்கு குடுத்துச்சு, கட்ட காசு இல்ல, வீட்ட அடமானம் வச்சாரு, நிம்மகட்டா பிரசாத்ங்குற தொழிலதிபர் 5 கோடி குடுத்து ஒலிம்பிக்ல பேட்மின்டன் மெடல் வரணும்னு கேட்டாரு. 2008ல அகாடமி திறந்துச்சு. 2012ல சாய்னாவுக்கு வெண்கலம், 2016ல சிந்துவுக்கு வெள்ளி. இந்த கதைய கேக்குறப்ப எல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனா ஒரு கணக்கு பாக்குறவனா சொல்றேன், இடம் கைக்கு வந்ததுல இருந்து கதவு திறக்க அஞ்சு வருஷம், அதுவும் ஆல் இங்கிலாந்து சாம்பியனுக்கு, அதுவும் சொந்த வீட்ட பணயம் வச்சு.

பி.டி. உஷா கதை இன்னும் நமக்கு கிட்டத்துல. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் ஓட்டத்துல நூத்துல ஒரு பங்கு செகண்ட்ல வெண்கலத்த விட்டவங்க. 2002ல கேரளாவுல கொயிலாண்டில அத்லெடிக்ஸ் ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, அரசு கினாலூர்ல 30 ஏக்கர் குடுத்துச்சு, அப்புறம் அங்க போனாங்க. அங்க வளந்த டின்டு லூகா 2010ல 800 மீட்டர்ல 1 நிமிஷம் 59.17 செகண்ட் ஓடி ஷைனி வில்சனோட 15 வருஷ தேசிய ரெக்கார்ட உடைச்சுச்சு. ஆனா அந்த ஸ்கூல்ல சிந்தெடிக் டிராக் திறந்தது 2017ல. ஆரம்பிச்சு பதினஞ்சு வருஷம் கழிச்சு! உஷாங்குற பேருக்கே பதினஞ்சு வருஷம்னா மாவட்ட அளவுல தெரிஞ்ச ஒரு கபடி பிளேயருக்கு எத்தனை வருஷம்னு யோசிச்சுப் பாருங்க.

வெளிநாட்டுலயும் இதே தான் நடந்துருக்கு. டென்னிஸ் ஆடுன ஆண்ட்ரே அகாசி ஒன்பதாவதோட பள்ளிக்கூடத்த விட்டவரு, அதனால பிள்ளைங்க படிக்கணும்ங்குறதுல அவ்வளவு பிடிவாதம். 1994ல ஆடிட்டு இருக்கும்போதே ஃபவுண்டேஷன், 2001ல லாஸ் வேகாஸ்ல ஏழைங்க இருக்குற பகுதில ஒரு பள்ளிக்கூடம். வருஷா வருஷம் பெரிய கச்சேரி நடத்தி காசு திரட்டுனாரு. கடைசில அந்த பள்ளிக்கூடத்த நடத்துற பொறுப்ப வேற ஒரு அமைப்புகிட்ட குடுத்துட்டாரு. அத தோல்வின்னு நான் சொல்ல மாட்டேன், ஏன்னா 2011ல இன்னொரு வழி புடிச்சாரு, முதலீட்டாளர்கள சேத்து ஒரு ஃபண்டு, அதுல பள்ளிக்கூட கட்டடம் மட்டும் கட்டி வாடகைக்கு விடுறது, நடத்த தெரிஞ்சவங்க நடத்தி பின்னாடி அவங்களே வாங்கிக்கலாம். தன்னால எது முடியும் எது முடியாதுன்னு ஒரு மனுஷன் பத்து வருஷம் பட்டு கத்துக்கிட்டது அது.

டிரஸ்ட்டுல சட்ட விஷயமும் இருக்கு, இத யாரும் முன்னாடியே சொல்றதில்ல. கம்பெனிங்க சிஎஸ்ஆர் காசு, அதாவது லாபத்துல சமூக வேலைக்குன்னு ஒதுக்குற காசு, குடுக்கும்னு எல்லாரும் நம்புறாங்க. உண்மை தான், 2013 கம்பெனி சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல இருக்குற கம்பெனிங்க மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணணும், கிராமப்புற விளையாட்டு பயிற்சியும் அந்த பட்டியல்ல இருக்கு. ஆனா வெளிய இருக்குற ஒரு டிரஸ்ட்டுக்கு குடுக்கணும்னா அதுக்கு வருமான வரித்துறைல 12ஏ (டிரஸ்ட் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை குடுக்குறவங்களுக்கு வரிச் சலுகை) ரெண்டு பதிவும் இருக்கணும், அதே மாதிரி வேலையில மூணு வருஷ அனுபவமும் இருக்கணும். அப்ப முதல் மூணு வருஷம் முட்டைக் காசு யாரு? மாமா தான். இன்னொண்ணு, ஒரு தடவ டிரஸ்ட் பேருக்கு எழுதிட்ட இடமோ காசோ திரும்ப உங்களுது கிடையாது. பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்னு அதுல கைய வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. கூட ஆடுனவங்க 30 லட்சத்துல 20 லட்சத்த கட்டடத்துக்கு போடலாம்னு ஆசையா பேசுனப்ப நான் இத தான் திரும்ப திரும்ப சொன்னேன்.

சரி, நாலாவது. அத்தை சொன்னது. தனியா ஒரு தொழில், அதுல இருந்து பசங்களுக்கு.

இதுக்கு நான் பாத்த ஆளுங்க ரெண்டு பேரும் அமெரிக்க பாஸ்கெட்பால். மேஜிக் ஜான்சன் 1991ல எச்ஐவி இருக்குன்னு தெரிஞ்சு ஆட்டத்த விட்டாரு, அப்புறம் தொழில்ல இறங்குனாரு. 1995ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல கருப்பின மக்கள் அதிகமா இருக்குற பகுதில சினிமா தியேட்டர், 1998ல இருந்து ஸ்டார்பக்ஸோட கூட்டு சேந்து அதே மாதிரி பகுதிகள்ல காபி கடைங்க. அந்த மக்கள் ஸ்கோன்ங்குற இங்கிலீஷ் பன் சாப்பிட மாட்டாங்கன்னு அத எடுத்துட்டு அவங்க வீட்டுல சாப்பிடுற இனிப்புங்க, சக்கரவள்ளி கிழங்குல செய்யுற "பை", பீச் பழத்துல செய்யுற காப்ளர்னு வச்சாரு. 2010ல தன் பங்க வித்தப்ப 105 கடை. பெரிய கம்பெனிங்க யாரும் நம்பி வராத இடத்துல, அங்க இருக்குறவங்க வாய்க்கு என்ன பிடிக்கும்னு தெரிஞ்ச ஒருத்தர் கடை போட்டாரு, அவ்வளவு தான் அதோட ரகசியம்.

டேவிட் ராபின்சன் தான் எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்ப பிடிச்ச ஆள். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் டீம்ல 1989ல இருந்து 2003 வரை ஆடுனாரு, கடற்படை அகாடமில படிச்சதால அட்மிரல்னு பட்டப்பேரு. 2001ல அதே ஊர்ல கார்வர் அகாடமின்னு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சு 9 மில்லியன் டாலருக்கு மேல சொந்த காசு போட்டாரு. அந்த பள்ளிக்கூடம் கூட 2012ல அரசு பணத்துல ஓடுற ஒரு பெரிய பள்ளிக்கூட நெட்வொர்க்கோட சேந்துருச்சு, அதாவது அவ்வளவு காசு இருந்தும் முட்டைக் காசுக்கு வேற ஏற்பாடு தேவைப்பட்டுச்சு. ஆட்டத்த விட்டப்புறம் நிதித் துறைல இருந்த ஒருத்தரோட சேந்து அட்மிரல் கேபிட்டல்னு முதலீட்டு கம்பெனி ஆரம்பிச்சாரு, லாபத்துல 10 சதவீதம் சமூக வேலைக்குன்னு ஆரம்பத்துலயே எழுதி வச்சுட்டாங்க. தொழில் தொழிலா நடக்குது, பங்கு தானா வந்துருது.

ஆனா நான் மாமாகிட்ட சொன்னது அந்த பள்ளிக்கூடத்தையோ கம்பெனியையோ பத்தி இல்ல, அதுக்கெல்லாம் பத்து வருஷம் முன்னாடி, 1991ல அவர் செஞ்ச ஒண்ண பத்தி. சான் அன்டோனியோவுல கேட்ஸ் எலிமென்டரின்னு ஒரு ஆரம்பப் பள்ளி, அங்க அஞ்சாவது படிக்கிற பிள்ளைங்கள பாக்க போனவரு, நீங்க பள்ளிக்கூடத்த முடிச்சு காலேஜ் போனீங்கன்னா ஆளுக்கு 2000 டாலர் தர்றேன்னு சொன்னாரு. ஏழு வருஷம் கழிச்சு 1998ல, சொன்னத செஞ்சு காட்டுன பிள்ளைங்களுக்கு 2000 இல்ல, ஆளுக்கு 8000 குடுத்தாரு. கட்டடம் கிடையாது, போர்டு கிடையாது, ஒரு வகுப்பு பிள்ளைங்க, ஒரு வாக்கு. இத சொன்னப்ப மாமா ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் அவர் கூட ஆடுன ஒருத்தர பத்தி சொன்னாரு, ரைடுல அவர அடிக்க ஆளே கிடையாதாம், பத்தாவது பாஸ் ஆகாததால ஸ்போர்ட்ஸ் கோட்டால எந்த வேலைக்கும் அப்ளிகேஷனே போட முடியலயாம், இப்ப லோடு ஏத்துறாராம்.

அப்ப என்ன தொழில்னு கேப்பீங்க. மாமாவுக்கு தெரிஞ்ச உலகம் கபடி உலகம், அங்க என்ன விக்குதுன்னு யோசிச்சோம். ஜெர்சி. எங்க பக்கம் பொங்கல்ல இருந்து வைகாசி வரை ஊருக்கு ஊர் கபடி போட்டி, ஒவ்வொரு டீமுக்கும் பேர் போட்டு நம்பர் போட்டு ஊர் சாமி படம் போட்டு பனியன் வேணும், ஒரு டீமுக்கு பன்னெண்டு செட். இப்ப எல்லாம் திருப்பூருக்கோ மதுரைக்கோ ஆர்டர் குடுத்து போட்டிக்கு முதல் நாள் ராத்திரி வரை பதறிட்டு இருக்காங்க. எந்த துணி புடிச்சு இழுத்தா கிழியாது, எந்த காலர் கழுத்த அறுக்கும்னு மாமாவுக்கு தெரியுற மாதிரி எந்த பிரிண்டிங் கடைக்காரருக்கும் தெரியாது. மேஜிக் ஜான்சனுக்கு பீச் காப்ளர்னா மாமாவுக்கு இது. கொட்டேஷன் வாங்கி பாத்தோம், பிரிண்டர், ஹீட் பிரஸ், ரெண்டு தையல் மெஷின், கடை அட்வான்ஸ் எல்லாம் 9 லட்சத்துக்குள்ள அடங்குது. சீசன் இல்லாத மாசத்துல ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே, கோயில் திருவிழா பனியன், கட்சி ஆர்டர் கூட வரும் (கடன் சொல்லாம இருந்தா).

என் கணக்கு இப்படி. 9 லட்சம் தொழிலுக்கு. 10 லட்சம் பேங்க்ல, மாமா பேர்லயே, அதோட வட்டி வருஷம் 70,000. மிச்சம் 11 லட்சம் குடும்பத்துக்கு, அதுல யாரும் கை வைக்கக் கூடாது, அத்தை பேர்ல இருக்கட்டும். இருபது பசங்க வேணாம், எட்டு பசங்க. எட்டு பேருக்கு முட்டை பால் சுண்டல் மாசம் 6000, வருஷம் 72,000, வட்டி காசுக்கு கிட்டத்தட்ட சரியா வருது, தொழில் ஒரு வருஷம் படுத்தாலும் முட்டை நிக்காது. எட்டு பேர்னா மாமா ஒருத்தரே பாத்துக்கலாம், சம்பளத்துக்கு ஆள் வேணாம். கிரவுண்டு அரசு பள்ளிக்கூட கிரவுண்டு, மண் தரை, மேட் பின்னாடி பாத்துக்கலாம், மாமா ஆரம்பிச்சதும் மண்ணுல தான். தொழில் லாபத்துல 10 சதவீதம் தனியா ஒரு அக்கவுண்ட்ல விழணும், அது டோர்னமென்ட் செலவுக்கும் அடி பட்டா வைத்தியத்துக்கும், அப்புறம் அந்த ராபின்சன் வாக்கு மாதிரி ஒண்ணுக்கும். பிளஸ் டூ பாஸ் பண்ற பையனுக்கு காலேஜ் முதல் வருஷ ஃபீஸ் மாமா கட்டுவாரு.

டிரஸ்ட்ட மட்டும் இப்பவே சின்னதா பதிவு பண்ணிடணும்னு சொல்லிருக்கேன். சொத்து எதுவும் அதுக்கு எழுத வேணாம், முட்டைக் காசும் அந்த 10 சதவீதமும் அது வழியா போய் பில்லோட கணக்கு இருந்தா போதும், மூணு வருஷம் கழிச்சு எதாவது மில்லுக்காரங்ககிட்ட போய் நிக்குறப்ப காட்ட ஒரு வரலாறு இருக்கும். மேட்டும் லைட்டும் அப்ப கேப்போம். கடைக்கு ஜிஎஸ்டி தனி, டிரஸ்ட் கணக்கு தனி, ரெண்டுக்கும் நடுவுல நூறு ரூபா கூட கைமாத்து கூடாது, இத மாமாகிட்ட சத்தியம் வாங்காத குறையா சொல்லிருக்கேன்.

இதுல ஒரு குறை இருக்கு, நான் அத மறைக்கல. பொம்பள பிள்ளைங்க. எங்க ஊர்ல நல்லா ஆடுற பொண்ணுங்க நாலஞ்சு பேர் இருக்காங்க, ஆனா ஒரு லேடி கோச் இல்லாம அவங்கள சேக்க கூடாதுன்னு நானும் அத்தையும் உறுதியா நிக்குறோம், பெத்தவங்களுக்கும் நிம்மதி வேணும். அதுக்கு மாசம் 12,000 இந்த கணக்குல இல்ல. தொழில் ரெண்டாவது வருஷம் நல்லா போச்சுன்னா முதல் செலவு அது தான், கட்டடம் இல்ல. மாமாவும் ஒத்துக்கிட்டாரு.

அவர் ஒத்துக்காதது ஒண்ணே ஒண்ணு. "எட்டு பேரு ரொம்ப கம்மி மாப்ள, ஒரு டீமுக்கே உள்ள ஏழு பேரு வெளிய அஞ்சு பேரு வேணும்ல"ங்குறாரு. ஆட்டம் தெரிஞ்சவர் சொல்றப்ப நான் என்ன சொல்ல. பன்னெண்டுன்னா முட்டைக் காசு வருஷம் 1,08,000, வட்டி போக 38,000 இடிக்குது. அத்தை அந்த 38,000த்த முதல் வருஷம் நான் தர்றேன்னு சொல்லிருச்சு. புதன்கிழமை ஹெட்மாஸ்டர பாத்து கிரவுண்டுக்கு லெட்டர் குடுக்க போறோம், பசங்க லிஸ்ட்ட மாமா இப்பவே எழுதி வச்சுருக்காரு, அதுல பதினாலு பேர் இருக்கு.